மேடையேறாத உரை



கேட்பவர் மனதை மாற்றும்படி பேசுவது எப்படி என்று சொல்லச் சொன்னீர்கள். நான் தோற்ற கதையிலிருந்து தொடங்குகிறேன்.

கல்லூரிக் கருத்தரங்கு ஒன்றில், விடுதிகளில் நிலவும் சாதிப் பாகுபாடு பற்றிப் பேசினேன். ஸ்லைடுகளை முன்கூட்டியே பார்த்த பேராசிரியர் ஒருவர், "சாதின்னு போடாதப்பா, சமூக வேறுபாடுன்னு மாத்திக்கோ" என்றார். மாற்றினேன். எந்த விடுதி, யார் தட்டு தனியாக வைக்கப்பட்டது என்பதையும் எடுத்துவிட்டேன். ஸ்லைடுகள் பளிச்சென்று இருந்தன. குரல் நடுங்கவில்லை. கைதட்டினார்கள். ஆனால் ஒருவர்கூடக் கேள்வி கேட்கவில்லை. யாருக்கும் உறைக்கவில்லை.

1936இல் லாகூரின் ஜாத்-பாத்-தோடக் மண்டல் தன் மாநாட்டுக்குத் தலைமையேற்க அண்ணல் அம்பேத்கரை அழைத்தது. உரையை முன்பே படித்த அமைப்பினர் சில பகுதிகளை நீக்கக் கேட்டார்கள். அவர் மறுத்தார். மாநாடு கைவிடப்பட்டது. அண்ணல் அந்த உரையைத் தாமே 1,500 படிகள் அச்சிட்டார். இரண்டே மாதத்தில் தீர்ந்தன. தமிழிலும் வந்தது. அதுதான் 'சாதி ஒழிப்பு'.

குரலும் மேடையும் இல்லாத உரை எப்படி இத்தனை பேரைச் சென்றடைந்தது?

அவர் 'கொடுமை' என்று பொதுவாகச் சொல்லி நகரவில்லை. ஜெய்ப்பூர் சமஸ்தானத்தின் சக்வாரா கிராமத்தில், விருந்தில் நெய் பரிமாறியதற்காகத் தீண்டப்படாதோர் தாக்கப்பட்டதை ஊர்ப்பெயரோடு வைக்கிறார். 'சாதி வெறும் வேலைப் பிரிவினைதானே' என்ற எதிர்வாதத்தை அவரே எழுப்பி, அது உழைப்பவர்களையே மேல் கீழாகப் பிரிக்கிறது என்று உடைக்கிறார். கேட்பவர் செய்ய வேண்டியதையும் மழுப்பாமல் சொல்கிறார்: சாதிக்குப் புனிதம் தரும் சாத்திரங்களின் அதிகாரத்தை மறுக்க வேண்டும். மண்டலை உறுத்தியதும் இதையொட்டிய பகுதிகள்தாம். 1937இல் வந்த இரண்டாம் பதிப்பில் காந்தியாரின் மறுப்பையும் சேர்த்தே அச்சிட்டு, அதற்குப் பதிலும் எழுதினார். எதிர்த்தரப்பை மறைக்க வேண்டிய தேவை அவருக்கு இல்லை.

நமக்கும் இதுதான் பாடம். ஊரையும் ஆண்டையும் சொல்லுங்கள். எதிர்த்தரப்பின் வலுவான கேள்வியை நீங்களே கேளுங்கள். என்ன செய்ய வேண்டும் என்று சொல்லி முடியுங்கள். ஒரு சொல்லை எடுக்கச் சொன்னால், அது யாரை உறுத்துகிறது என்று யோசியுங்கள்.

பிற்பகலில் நீங்கள் பேசப்போகிறீர்கள். 'எதை விட்டுவிட்டீர்கள், யாருக்காக?' என்றுதான் முதலில் கேட்பேன்.

ஜெய் பீம்.