வாயுள்ள பிள்ளை பிழைக்கும்



பாடாங் செராய், பீடோங், சுங்கைப்பட்டாணித் தோட்டங்களில் அன்று விடியுமுன்னே பால்மரம் வெட்டப் போனார்கள். அவர்களுடைய பிள்ளைகளில் பலர் இன்று தொழிற்சாலைப் பேருந்தில் கூலிமுக்குப் போகிறார்கள். 1996இல் தொடங்கிய கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவில் இன்டெல் இருக்கிறது. 2006இல் வந்த இன்பினியன், 2024 ஆகஸ்டில் புதிய சிப் ஆலை ஒன்றையும் திறந்தது. ஆகவே நம் வீடுகளிலும் பொறியாளர்கள் பெருகிவிட்டார்கள்.

அவர்களோடு குடும்பம் நடத்துவது லேசுப்பட்ட காரியமா? மின்விசிறி நின்றால், “ஏன் நின்றது?” என்று அக்கக்காகக் கழற்றி மேசை முழுக்கப் பரப்புவார். “சாம்பாரில் உப்பு சரியா?” என்று மனைவி கேட்டால், “எத்தனை கிராம் போட்டாய்?” என்பார்.

உலகம் முழுக்க இந்த இனம் இப்படித்தான். 1970களில் அமெரிக்காவின் சிக்னெட்டிக்ஸ் நிறுவனப் பொறியாளர் ஒருவர், எழுத மட்டுமே முடிகிற, திரும்பப் படிக்கவே முடியாத நினைவக சிப்புக்கு விவரத்தாள் தயாரித்தார். சிப்பைச் செருகிச் செருகிக் கழற்றினால் கடைசியில் எத்தனை கால் மிஞ்சும் என்பதற்கு வரைபடம் வேறு! நிறுவனமே பிறகு அதை விளம்பரமாகப் போட்டுச் சிரித்தது.

லீனியர் டெக்னாலஜி நிறுவனத்தின் ஜிம் வில்லியம்ஸின் வேலை மேசையைப் பார்த்தால் குப்பைமேடு என்பீர்கள். 2011இல் அவர் மறைந்த பிறகு, அந்த மேசையை அப்படியே கலிஃபோர்னியாவின் கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். காரணம் உண்டு. சிப்பை வாங்குகிறவர்களுக்காக அவர் எழுதிய வழிகாட்டிகளில், சுற்று எப்படி வேலை செய்யும் என்பதோடு எங்கெங்கே காலை வாரும் என்பதும் இருக்கும், கேலிச்சித்திரமும் இருக்கும்.

அன்பர்களே, பொறியாளரின் கிறுக்கும் அவர் செய்கிற உதவியும் ஒரே வேரில் முளைத்தவை. “ஏன்?” என்று கேட்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

சில ரிங்கிட் சிப் ஒன்று முரண்டு பிடித்தால் ஓர் இயந்திரமே நின்றுவிடும். சிப் தயாரித்த நிறுவனத்தை அழைக்கிறோம். “கையேட்டைப் பாருங்கள்” என்று சொல்லி வைத்துவிடுவது உதவியல்ல. “மின்சாரம் நுழையும் காலுக்கு எவ்வளவு தூரத்தில் மின்தேக்கி வைத்தீர்கள்?” என்று கேட்கிறாரே, அவர்தான் உதவுகிறவர். மின்தேக்கி சற்றுத் தள்ளிப்போனாலே சில சிப்புகள் தாமாக அதிரத் தொடங்கிவிடும். அந்த ஒரு கேள்வியில் மூன்று நாள் தலைவலி தீர்ந்துபோகும்.

ஆனால் நம் பிள்ளைகளில் பலர் அழைப்பதே இல்லை. ஆங்கிலம் தடுமாறுமோ, தோட்டத்துப் பிள்ளைக்கு ஒன்றும் தெரியவில்லை என்று நினைப்பார்களோ என்று வாய்மூடி உட்கார்ந்திருக்கிறார்கள். வேலை தாமதமாகிறது. பதவி உயர்வு, தயங்காமல் கேட்டவருக்குப் போகிறது.

தம்பி தங்கைகளே, சிப்பின் எண், அளந்த மின்னழுத்தம், சுற்றின் படம், இதுவரை செய்து பார்த்தது ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு அழையுங்கள். நல்ல கேள்விக்கு இலக்கணம் யாரும் பார்ப்பதில்லை. மறுமுனையில் இருப்பவரும் மின்விசிறியைக் கழற்றிப் போட்டவர்தான். புதிர் என்றால் அவருக்குப் பாயாசம்!

மூத்த பொறியாளர்களே, நாளை புதிதாக வந்த ஒரு பிள்ளை உங்கள் மேசைப் பக்கம் தயங்கி நின்றால், “இதுகூடத் தெரியாதா?” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். “படத்தைக் காட்டு, பார்ப்போம்” என்று சொல்லுங்கள்.