தண்டனையை நாம் ஏன் விரும்புகிறோம்?



குற்றம் செய்தவன் தண்டிக்கப்பட வேண்டும் என்பதில் நம்மில் பெரும்பாலோருக்கு ஐயமில்லை. ஏன் தண்டிக்கப்பட வேண்டும் என்று கேட்டாலோ, "அப்போதுதான் மற்றவர்கள் அஞ்சி நடப்பார்கள்" என்று விடை சொல்வோம். உண்மையில் நம் மனம் வேண்டுவது அதுதானா? இதனை இன்று சற்றே ஆராய்வோம்.

மழைக்குப் பெயர்போன வட்டவளையில் ஒரு தேயிலைத் தோட்டத்தை மனத்திற் கொள்ளுங்கள். லயத்துப் பெண்கள் இருபது பேர் மாதந்தோறும் சீட்டுக் கட்டி வருகிறார்கள். கொழுந்தெடுத்துப் பெற்ற சம்பளத்தில் மிச்சம் பிடித்த காசு அது. சீட்டுப் பிடித்தவர் ஒருநாள் அவ்வளவு பணத்தோடும் ஊரை விட்டே ஓடிவிடுகிறார். பணம் இழந்தவர்கள் கொதிப்பது இயல்பே. ஆனால் சீட்டில் ஒரு சதமேனும் கட்டாத அடுத்த லயத்தாரும் சேர்ந்து கொதிக்கிறார்களே, அது எதனால்?

ஏர்ன்ஸ்ட் பேர், சைமன் கெக்டர் என்னும் பொருளியல் அறிஞர் இருவர் சுவிட்சர்லாந்தில் நடத்திய சோதனையொன்றின் முடிவை 2002ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மாணவர்கள் நால்வர் நால்வராகப் பொதுநிதி ஒன்றுக்குப் பணம் இட்டனர். நிதி பெருகியதும் அது எல்லோருக்கும் சமமாகப் பங்கிடப்பட்டது. பணம் இடாதவனுக்கும் பங்கு கிடைத்தது. அவ்வாறு ஏய்த்தவனுக்கு அபராதம் விதிக்கலாம்; ஆயின் விதிப்பவர் தம் கைப்பணத்தையும் இழக்க வேண்டும். மீண்டும் அவனைச் சந்திக்கப் போவதில்லை என்று தெரிந்தும் பலர் தம் பணத்தை இழந்து அவனைத் தண்டித்தனர். அதன் பின்னர் பொதுநிதிக்கு வந்த பணமும் உயர்ந்தது. ஆகவே, தண்டிக்கும் வேட்கையை வெறும் வன்மம் என்று தள்ளிவிட இயலாது. கூடி வாழும் மக்களின் நம்பிக்கைக்கு அது ஒரு காவல்.

எனினும், அந்தக் காவலுக்குக் கண் சற்று மங்கல். கால்ஸ்மித், டார்லி, ராபின்சன் என்னும் அமெரிக்க அறிஞர்கள், அதே 2002ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், மக்கள் சொல்லும் காரணத்தையும் அவர்கள் விதிக்கும் தண்டனையையும் ஒப்பிட்டுப் பார்த்தனர். பிறரை அச்சுறுத்தித் திருத்துவது நல்லதென்று மக்கள் ஒப்புக்கொண்டனர். ஆனால் தண்டனையின் அளவைக் குறிக்கும்போது, செய்த தீமை எவ்வளவு கொடியது என்பதையே பெரிதும் நோக்கினர். நாவு வருங்காலத்தைப் பேசுகிறது. நெஞ்சோ நடந்ததற்குக் கணக்குத் தீர்க்கிறது.

கணக்குத் தீர்க்கத் துடிக்கும் நெஞ்சு, ஆளையும் சில வேளை மாற்றிவிடும். ஓடியவர் கைக்கு எட்டவில்லை. அவருடைய மனைவியும் பிள்ளைகளும் லயத்திலேயே இருக்கிறார்கள். பீலியில் தண்ணீர் பிடிக்க வரும் அந்தப் பெண்ணைச் சுடுசொல் வரவேற்கிறது. அவள் செய்த குற்றம் யாது?

குற்றம் எது என்பதையும் நாம் கேட்டாக வேண்டும். 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி, ஒப்பந்தத்தை மீறி வேலையை விட்டுச் சென்ற தொழிலாளி சிறைக்கு அனுப்பப்படலாம் என்றிருந்தது. கடனும் துன்பமும் தாளாமல் தோட்டத்தை விட்டோடிய நம் முன்னோர் குற்றவாளிகள் எனப்பட்டனர். அவர்களைப் பிடித்துத் தண்டிக்கக் கோரிய துரைமாரும் தம்மை நியாயவான்கள் என்றே எண்ணியிருப்பர். சேர் பொன்னம்பலம் அருணாசலம் போன்றோர் இக்கொடுமையை எதிர்த்துக் குரல் எழுப்பினர். துண்டு முறை 1921ஆம் ஆண்டில் சட்டத்தால் ஒழிந்தது. நம் சினம் எத்தனை தூயதாகத் தோன்றினாலும், அது நியாயத்திற்குச் சான்றாகாது என்பதற்கு இதனினும் வேறு பாடம் வேண்டுமோ?

நேயர்களே, நாடு முழுவதும் இச்சோதனைக்கு உள்ளான காலமும் உண்டு. பிரதமர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா 1956ஆம் ஆண்டில் ஆட்சிக்கு வந்ததும் மரண தண்டனையை நிறுத்திவைத்தார். அதன் விளைவை ஆராய நோர்வல் மொறிஸ் என்பாரின் தலைமையில் ஆணைக்குழு ஒன்றும் அமைக்கப்பட்டது. 1959ஆம் ஆண்டு செப்டெம்பர் 25ஆம் தேதி அப்பிரதமரே சுடப்பட்டார். மறுநாள் உயிர் துறந்தார். மருத்துவமனையிற் கிடந்தபடி அவர் நாட்டுக்கு விடுத்த செய்தியில், தம்மைச் சுட்டவன்மீது பழிவாங்க வேண்டாம், இரக்கம் காட்டுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அடிபட்டவர் பொறுத்தார், நாடு பொறுக்கவில்லை. அவ்வாண்டு முடிவதற்குள் மரண தண்டனையை மீட்கும் சட்டம் நிறைவேறிற்று. முன்னரே நிகழ்ந்த கொலைக்கும் அது பொருந்துமாறு ஆக்கப்பட்டது. சோமராம 1962ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் தேதி தூக்கிலிடப்பட்டார். கொலைச் சதிக்காகத் தண்டனை பெற்ற இருவரோ, அச்சட்டத்தின் வாசகம் சதிக் குற்றத்தைத் தழுவவில்லை என்ற காரணத்தால், மேன்முறையீட்டில் உயிர் தப்பினர். சினத்தில் எழுதிய சட்டத்துக்கு அவசரத்தின் குறை ஒட்டிக்கொண்டது.

1976ஆம் ஆண்டு ஜூன் மாதத்தின் பின் இலங்கையில் தூக்குத் தண்டனை நிறைவேற்றப்படவில்லை. 2019ஆம் ஆண்டில் போதைப்பொருட் குற்றவாளிகள் நால்வரைத் தூக்கிலிட அன்றைய சனாதிபதி முனைந்தபோது, உயர் நீதிமன்றம் தடையுத்தரவு பிறப்பித்தது. அவ்வேட்கை அணைந்துவிடவில்லை என்பதற்கு இது சான்று.

அப்படியாயின் அந்தச் சினத்தை அடக்கிவிட வேண்டுமா? வேண்டியதில்லை. "எனக்கு நேர்ந்தது அநீதி, அதை ஊர் ஒப்புக்கொள்ள வேண்டும்" என்பதே பெரும்பாலும் அதன் உட்கருத்து. இழந்த பொருள் திரும்புவதும், பலரறியக் குற்றம் ஒப்புக்கொள்ளப்படுவதும், ஆறுதல் கிடைப்பதும் பல நேரங்களில் அந்த வேண்டுகோளை நிறைவேற்றும். சிறையும் தேவைப்படலாம். ஆனால் அதை விதிக்கும் கை, அடிபட்டவர் கையாகவும், அவருக்காகக் கொதிப்பவர் கையாகவும் இருத்தலாகாது. விசாரணை, சாட்சி, மேன்முறையீடு என்று நீதிமன்றம் நம்மைக் காக்கவைக்கிறதே என்று சலித்துக்கொள்கிறோம். சினம் தணிந்து உண்மை தெரியும்வரை காத்திருக்கவே அந்தத் தாமதம். யாரையேனும் தண்டிக்க வேண்டுமென்று நெஞ்சு துடிக்கும்போது, குற்றம் எது, செய்தவர் யார், தண்டனையால் இழந்தவருக்குக் கிடைப்பது என்ன என்னும் மூன்று கேள்விகளை நம்மை நாமே கேட்டுக்கொள்வோமாக.