மாத்திரைக்கு அடங்காத சர்க்கரை

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



தேயிலை ஃபேக்டரியில் எரிபொருள் சிக்கனம் பற்றிப் பேசும்படி சங்கச் செயலாளர் சொன்னார். அதில் என்னைவிட விவரம் தெரிந்த சீனியர்கள் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். ஆகவே, என் உடம்பில் ஏற்பட்ட ஒரு பழுதைப் பற்றிப் பேச அனுமதி வாங்கிக்கொண்டேன்.

அப்போது எனக்கு 33 வயது. குன்னூர் பக்கம் ஒரு ஃபேக்டரியில் பராமரிப்பு இன்ஜினியர். ராத்திரியில் நாலு தடவை எழுந்திருப்பேன். குளிருக்கு அப்படித்தான் என்று விட்டுவிட்டேன். ரத்தம் பார்த்த டாக்டர், டைப் 2 சர்க்கரை என்று மெட்ஃபார்மின் எழுதிக்கொடுத்தார். நம் நாட்டில் பெரியவர்களுக்கு வருவது பெரும்பாலும் அதுதான். அவர் அப்படி நினைத்ததில் ஆச்சரியமில்லை.

மாத்திரை கேட்கவில்லை. இரண்டாவது மாத்திரை சேர்ந்தது. அதுவும் கேட்கவில்லை. "வாயைக் கட்டுங்க சார்" என்றார்கள். கட்டினேன். டீயில் சர்க்கரை போயிற்று, வர்க்கி போயிற்று, சோறும் அரை வயிறாயிற்று. 61 கிலோ இருந்தவன் 52 ஆனேன். அப்போதும் அம்மா என் சட்டைப் பையில் மிட்டாய்த் தாள் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். திருடாதவனைச் சோதனை போட்டால் எப்படியிருக்கும்? நோயைவிட அதுதான் வலித்தது.

பதினோராம் மாதம் ஒரு நாள், டிரையர் பக்கத்தில் நிற்கிறேன், டயலில் முள் மங்கலாகத் தெரிகிறது. வாந்தி, மேல்மூச்சு. மலையிறக்கிக் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோனார்கள். சிறுநீரில் கீட்டோன் இருந்தது. அங்கிருந்த இளம் பெண் டாக்டர், "வீட்டில் யாருக்காவது தைராய்டு இருக்கா?" என்று கேட்டார். அம்மாவுக்கு உண்டு. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று விழித்தேன்.

சம்பந்தம் இருக்கிறது. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்குகிற நோய்கள், ஒரே குடும்பத்தில் வெவ்வேறு வேஷத்தில் வருமாம். எனக்கு அது கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அழித்துக்கொண்டிருந்தது. குழந்தைகளுக்கு வேகமாக நடக்கும் இந்த அழிவு, பெரியவர்களுக்கு நிதானமாக நடக்கும். அதனால் ஆரம்பத்தில் டைப் 2 போலவே தெரியும். 'லாடா' என்று பெயர்.

நம் பாஷையில் சொன்னால், டைப் 2-ல் முக்கியமாகக் குழாயில்தான் அடைப்பு. என்னிடம் பம்ப்பே தேய்ந்துகொண்டிருந்தது. பதினோரு மாதம் குழாயைக் கழுவிக்கொண்டிருந்தோம்!

இதைக் கண்டுபிடிக்க இரண்டு ரத்தப் பரிசோதனைகள் உண்டு. காட் ஆன்டிபாடி என்பது தாக்குதல் நடக்கிறதா என்று காட்டும். மற்றது சி-பெப்டைட். கணையம் இன்சுலினை வெளியே விடும்போது, கூடவே அதே எண்ணிக்கையில் இதுவும் வெளிவருகிறது. கேட் பாஸ் அடிக்கட்டையை எண்ணினால் எத்தனை மூட்டை வெளியே போனது என்று தெரியுமல்லவா, அந்த மாதிரி. எனக்கு முதலாவது பாசிட்டிவ், இரண்டாவது மிகக் குறைவு.

இங்கிலாந்தில் பிரதமராக இருந்த தெரசா மே அம்மையாருக்கும் இதே கதைதான். 2012-ல், 56 வயதில், டைப் 2 என்றார்கள். மாத்திரை பலிக்காமல் போகவே, மறுபடி சோதித்து டைப் 1 என்று கண்டார்கள். இன்சுலின் போட்டுக்கொண்டேதான் 2016 முதல் 2019 வரை பிரதமராக இருந்தார்.

உங்கள் வீட்டில் ஒல்லியான ஒருவருக்குச் சர்க்கரை வந்து, மாத்திரை கேட்காமல் எடை இறங்கினால், அவர் சட்டைப் பையைத் தடவாதீர்கள். டாக்டரிடம் இந்த இரண்டு டெஸ்டைப் பற்றிக் கேளுங்கள்.

இப்போது தினமும் நாலு ஊசி. எடை திரும்பிவிட்டது. இன்சுலின் ஒருமுறை உறைந்தால், உருகினாலும் உதவாது. அதனால் ஊட்டி உறைபனிக் காலத்தில் பேனாவை ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொள்கிறேன். காட் ரோட்டில் வண்டி எடுக்குமுன் விரலைக் குத்திப் பார்க்காமல் சாவியைத் தொடுவதில்லை. அம்மாதான் ஊசி நேரத்தை ஞாபகப்படுத்துகிறார். பழைய பேச்சை நாங்கள் இருவரும் எடுப்பதில்லை.

மதிய உணவு தயார் என்று செயலாளர் கை காட்டுகிறார். பந்தியில் நான் சட்டையைத் தூக்கி வயிற்றில் ஊசி போட்டால் யாரும் பயப்பட வேண்டாம். லட்டு உண்டா என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அதற்கும் சேர்த்து யூனிட் போட வேண்டும்.