தலையில் அடியும் கண்ணின் ஆட்டமும்



ஒருவன் மரத்திலிருந்தோ, மோட்டார் சைக்கிளிலிருந்தோ விழுந்து தலையில் அடிபட்டு, காயம் ஆறி வீடு வந்து சேருகிறான். சில நாளில், படுக்கையில் புரண்டால் வீடே சுழலுகிறது என்று அலறுகிறான். பார்த்தால் அவன் கண்மணி தானாகவே வெட்டி வெட்டி இழுக்கின்றது. உடனே வீட்டார், "விழுந்த இடத்தில் ஏதோ பிடித்துக்கொண்டது" என்று வேப்பிலை அடிப்பவனிடம் ஓடுகிறார்கள். ஆட்டம் நிற்கிறது. மந்திரித்தவனுக்குப் பேரும் வருகிறது, பணமும் வருகிறது! மந்திரிக்காவிட்டாலும் அது பெரும்பாலும் ஒரு நிமிஷத்திற்குள் நின்றுதானே இருக்கும் என்று கேட்பாரில்லை.

காது, கேட்பதற்கு மாத்திரம் ஏற்பட்டதல்ல. உட்காதில் நீர் நிறைந்த மூன்று அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன. தலை வலப்பக்கம் திரும்பினால் அந்நீரின் அசைவு மூளைக்குத் தெரிந்து, கண் இடப்பக்கம் நகர்ந்து பார்வையை நிலையாக நிறுத்துகிறது. வியன்னாவில் ராபர்ட் பாரானி என்ற வைத்தியர் நோயாளிகளின் காதில் தண்ணீர் பீச்சிக் கழுவும்போது, குளிர்ந்த நீருக்குக் கண் ஒரு பக்கமும், சூடான நீருக்கு மறுபக்கமும் வெட்டுவதைக் கண்டார். சூடான நீர் மேலேறும், குளிர்ந்தது கீழிறங்கும். குழலுக்குள்ளும் அதுவே நடக்கிறதென்று கண்டுகொண்டார். 1914-ம் வருஷத்து நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தபோது அவர் ரஷ்யாவில் யுத்தக் கைதி!

உட்காதில் கால்சியம் கார்பனேட் என்னும் சுண்ணாம்புச் சத்தாலான பொடிக் கற்களும் உண்டு. தலையில் அடிபட்டால் இவை பெயர்ந்து குழலுக்குள் விழுந்துவிடும். படுக்கும்போது கற்கள் உருளும், நீர் அசையும், தலை சுழலுகிறதென்று மூளை ஏமாறும், கண்ணும் அதன்படி ஆடும். அய்யா, பிடித்த பிசாசு இவ்வளவுதான்!

1952-ல் லண்டனில் டிக்ஸ், ஹால்பைக் என்ற இருவர், நோயாளியைத் தலை திருப்பிச் சட்டென்று படுக்க வைத்துக் கண்ணைப் பார்த்தே இதைக் கண்டறியும் முறையை விளக்கினார்கள். அமெரிக்க வைத்தியர் எப்லி 1992-ல் வெளியிட்ட முறையோ, தலையை வரிசையாகச் சில நிலைகளில் திருப்பிக் கற்களைக் குழலைவிட்டு வெளியேற்றுவது. கத்தியும் வேண்டாம், மருந்தும் வேண்டாம்; சில நிமிஷ வேலை. சிலருக்கு இரண்டொரு தடவை செய்ய வேண்டியிருக்கும்.

ஆனால் எல்லாக் கண்ணாட்டமும் இதுவென்று நினைத்துவிடாதீர்கள். அசையாமல் உட்கார்ந்திருக்கும்போதும் கண் ஆடினால், பொருள் இரண்டாகத் தெரிந்தால், பேச்சுக் குழறினால், ஓயாத வாந்தியும் மயக்கமும் கண்டால், மூளையிலேயே சேதம் இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மேலும், அடிபட்டவனின் கழுத்தெலும்பை வைத்தியர் பார்த்துச் சரியென்று சொல்லுமுன், யாரும் அவன் தலையைப் பிடித்துத் திருப்பக் கூடாது.