எப்பப் பார்த்தாலும் அசதியா இருக்கா?

(பெரியபட்டினத்தில் நடந்த கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில் எங்கள் சுகாதாரக் குழு பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, வசூல், வங்கிக் கடன் எல்லாம் பேசி முடித்துவிட்டோம். இப்போது உடம்பைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம். ஆனால் அதையும் கடன் பதிவேட்டிலிருந்துதான் ஆரம்பிக்கப் போகிறோம்.

போன மாதம் பதிவேட்டைப் புரட்டியபோது, ஒரே சகோதரி ஒரு வருஷத்தில் மூன்று தடவை உள்கடன் வாங்கியிருந்ததைப் பார்த்தோம். மூன்றுக்கும் காரணம் "மருத்துவச் செலவு". என்ன நோய் என்று கேட்டோம். "நோயெல்லாம் ஒண்ணுமில்லக்கா, அசதிதான். முடியாதப்ப போய் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திக்கிட்டு வருவேன், ரெண்டு நாளைக்கு நல்லாருக்கும்" என்றார். அவர் கடலுக்குள் முங்கிப் பாசி எடுக்கிறவர். வீட்டுப் படி ஏறினாலே மூச்சு வாங்குமாம், நெஞ்சு படபடவென்று அடிக்குமாம். கடைசியாகப் போனபோது இரண்டாவது முங்கிலேயே கண் இருட்டிவிட்டது. கூட வந்தவர் கவனித்து முடியைப் பிடித்துத் தூக்கியிருக்கிறார். இதை அவர் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கடலுக்குப் போகவிட மாட்டார்களே!

முதலில் அந்தக் குளுக்கோஸ் பாட்டில் கணக்கைப் பார்ப்போம். அரை லிட்டர் பாட்டிலில் வழக்கமாக இருப்பது 5 சதவீதக் கரைசல். அதாவது 25 கிராம் சர்க்கரை, மீதி தண்ணீர். ஐந்து ஸ்பூன் சர்க்கரை போட்ட எலுமிச்சை ஜூஸ் குடித்தால் அதே சக்தி வாயாலேயே கிடைத்துவிடும். வாந்தி பேதியில் துவண்டு கிடப்பவருக்கு ஏற்றும் உப்புக் கரைசல் பாட்டில் உயிர் காக்கும் மருந்து. ஆனால் மாதக்கணக்கில் இருக்கும் அசதிக்குக் குளுக்கோஸ் பாட்டில் மருந்தே இல்லை. மூன்று கடனும் வட்டியும் இதற்குத்தான் போயிருக்கிறது.

அவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய் ரத்தம் பரிசோதித்தோம். ஹீமோகுளோபின் 6.8. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12 கிராமாவது இருக்க வேண்டும், கர்ப்பிணிக்கு 11. எட்டுக்குக் கீழே போனால் அது கடுமையான ரத்தச்சோகை. டாக்டரம்மா உடனே ராமநாதபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே ஸ்கேன் எடுத்ததில் கர்ப்பப்பையில் கட்டி. இரண்டு வருஷமாகத் தீட்டு நாட்களில் அளவுக்கு மீறி ரத்தம் போயிருக்கிறது. "எல்லாருக்கும் இப்படித்தான் போகும்னு நெனச்சேன்" என்று அவர் சொன்னபோது எங்களுக்குப் பேச்சே வரவில்லை. நாமும் அப்படித்தானே நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஏழு நாளைக்கு மேல் போவது, கட்டி கட்டியாகப் போவது, ஒரு மணி நேரத்துக்குள் துணியோ நாப்கினோ நனைந்து மாற்ற வேண்டியிருப்பது, இவையெல்லாம் சாதாரணம் இல்லை. தீட்டு நின்று ஒரு வருஷம் ஆன பிறகு ஒரு சொட்டுப் பட்டாலும் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தச்சோகை இருந்தது. இங்கே உட்கார்ந்திருக்கும் நம்மில் பாதிப்பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரத்தம் குறைந்தால் உடம்பின் மூலை முடுக்குக்குப் பிராணவாயு போய்ச் சேராது. அதனால்தான் மூச்சு வாங்குகிறது, தலை சுற்றுகிறது, பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறோம். மண், சாம்பல், பச்சரிசி தின்னத் தோன்றுவதும் இதன் அடையாளமாக இருக்கலாம். "சோம்பேறி" என்று மாமியார் திட்டும் மருமகளுக்கு ஒரு தடவை ரத்தம் பார்த்துவிடுங்கள். மாமியாருக்கும் சேர்த்தே பாருங்கள்!

ரத்தம் ஏன் குறைகிறது? தீட்டிலும் பிரசவத்திலும் போகிறது. போனதை ஈடுகட்டும் அளவுக்கு நாம் சாப்பிடுவதில்லை. மீன் வாங்குவது நாம், ஆய்வது நாம், குழம்பு வைப்பது நாம். கடைசியில் நம் தட்டுக்கு வருவது தலையும் குழம்பும்தான். பாசிக்குப் போகிறவர்கள் விடிவதற்கு முன்னே ஒரு டீயோடு கிளம்பிவிடுகிறார்கள். வள்ளத்தில் ஒதுங்க இடமில்லை என்று தண்ணீரும் குடிப்பதில்லை. வெயில், உப்புத் தண்ணீர், வெறும் வயிறு. இதில் தலை சுற்றாமல் என்ன செய்யும்? பழைய சோற்றை நீராகாரத்தோடு குடித்துவிட்டு, ஒரு பாட்டில் தண்ணீரும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். கரை ஏறியதும் இன்னும் குடியுங்கள். தண்ணீர் குறைந்தால் நீர்க்கடுப்பும் வரும், அதுவும் ஆளைச் சாய்க்கும்.

இன்னொரு திருடன் கொக்கிப்புழு. வெளியே மலம் கழிக்கும் இடத்தில் செருப்பில்லாமல் நடந்தால் காலின் தோல் வழியாகவே உள்ளே போய், குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தத்தை உறிஞ்சும். பூச்சி மாத்திரை சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. கர்ப்பமாக இருப்பவர்கள் கேட்காமல் போட வேண்டாம்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறோம். பீட்ரூட் சிவப்பாக இருப்பதால் அது ரத்தமாகிவிடாது. இரண்டு பேரீச்சம்பழத்தாலும் ரத்தம் ஊறிவிடாது. முருங்கைக்கீரை, கம்பு, சுண்டல், எள்ளு, நெத்திலி, சாளை, முடிந்தபோது ஈரல் என்று தினமும் ஏதாவது ஒன்று சேர வேண்டும். கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் அதிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் நன்றாக ஒட்டும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் ஒட்டாது. டீயை விடச் சொல்லவில்லை, ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள் என்கிறோம்.

ஏற்கனவே ரத்தம் குறைந்தவருக்குச் சாப்பாடு மட்டும் போதாது, இரும்புச்சத்து மாத்திரை வேண்டும். நம் நர்ஸம்மா கொடுக்கிறார்கள், நாம் வாங்கி வந்து அலமாரியில் வைக்கிறோம்! குமட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்று பயப்படுகிறோம். கறுப்பாகப் போவது மாத்திரையால்தான், பயமில்லை. குமட்டினால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொண்டு படுத்துவிடுங்கள். நோன்பு மாதத்திலும் அப்படியே இரவில் போடலாம், நிறுத்த வேண்டியதில்லை. சுண்ணாம்புச்சத்து மாத்திரையையும் இதையும் ஒரே நேரத்தில் போடாதீர்கள். ஒரு மாதத்தில் ஒரு கிராமாவது ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் வேறு காரணம் இருக்கிறது, மறுபடி டாக்டரிடம் போங்கள். 12 வந்துவிட்டது என்றதும் நிறுத்திவிடவும் கூடாது. உடம்பின் இருப்பு நிறைய இன்னும் சில மாதம் போட வேண்டும். சேமிப்புக் கணக்கு மாதிரிதான் இதுவும்.

ரத்தம் சரியாக இருந்தும் அசதி போகவில்லையா? அடிக்கடி தாகம், இரவில் பலமுறை சிறுநீர் என்றால் சர்க்கரை பாருங்கள். உடம்பு பருத்து, முடி கொட்டி, மலச்சிக்கலும் இருந்தால் தைராய்டு பாருங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு என்றால் சளிப் பரிசோதனை. காசநோய்க்கு அரசு மருத்துவமனையில் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

எந்த டெஸ்டிலும் ஒன்றும் தெரியாத அசதியும் உண்டு. புருஷன் வெளிநாட்டில், பணம் வரவில்லை, தூக்கம் வரவில்லை, எதிலும் மனசு ஒட்டவில்லை. இதையும் டாக்டரிடம் சொல்லலாம், மருந்தும் ஆலோசனையும் இருக்கிறது. குழுக் கூட்டத்தில் சொல்லக் கூச்சமாக இருந்தால் எங்களில் ஒருவரிடம் தனியாகச் சொல்லுங்கள். பதிவேட்டில் எழுத மாட்டோம்.

அந்தச் சகோதரி இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்பீர்கள். கட்டிக்கு வைத்தியம் நடந்தது. நாலு மாதம் கடலுக்குப் போகவில்லை, அந்த நாலு மாதத் தவணையைக் குழு தள்ளி வைத்தது. இரண்டு பேர் முணுமுணுத்தார்கள், அதையும் மறைக்கவில்லை. போன வாரம் பார்த்தபோது ஹீமோகுளோபின் 11.4. மாத்திரை இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறார். இதோ பின் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார், பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு நர்ஸம்மா ரத்தம் பார்க்க வருகிறார்கள். விரல் நுனியில் ஒரு குத்து, அவ்வளவுதான். ஊக்குநர்கள் தங்கள் குழுவில் யார் யார் வருகிறார்கள் என்று இன்றே எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். வயதுக்கு வந்த பெண் பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். காலையில் சாப்பிட்டுவிட்டே வரலாம்.