தாய்மடியும் தாழிட்ட மனமும்



மலாக்கா ரப்பர் தோட்டங்களில் வாழ்ந்தவர்களுக்கு விடியற்காலைப் பெரட்டு மறந்திருக்காது. இருட்டு விலகுமுன்பே தாய் எழுந்து, தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆயாக் கொட்டகைக்கு ஓடுவார். குழந்தையை விட்டுவிட்டு மரம் சீவப் போவார். குழந்தை கண் விழிக்கும்போது அம்மா பக்கத்தில் இருக்கமாட்டார்.

அப்படி வளர்ந்த ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். இன்று ஜாசினிலோ அலோர் காஜாவிலோ தாமான் வீடு, வேலை, பிள்ளைகள் எல்லாம் உண்டு. ஆனாலும் கணவர் வர அரைமணி நேரம் தாமதமானால் நெஞ்சு படபடக்கிறது. வந்ததும் சண்டை வெடிக்கிறது. இன்னொரு பெண்ணோ யாரிடமும் எதையும் கேட்கமாட்டார். அழுகை வந்தால் அறைக் கதவைத் தாழிட்டுக்கொள்வார்.

இதற்கு மனவியல் ஒரு வேரைக் காட்டுகிறது. தாயோ தாயைப் போன்ற ஒருவரோ நிலையாகக் காட்டும் அன்பு குழந்தையின் மனநலத்துக்கு அவசியம் என்று, 1951-இல் உலகச் சுகாதார நிறுவனத்துக்காக எழுதிய அறிக்கையில் பிரிட்டிஷ் மருத்துவர் ஜான் பௌல்பி கூறினார். பிறகு மேரி எய்ன்ஸ்வொர்த், தாய் சிறிது நேரம் அறையை விட்டுப் போய்த் திரும்பும்போது குழந்தை என்ன செய்கிறது என்று கவனித்தார். சில குழந்தைகள் அழுது, தாயைக் கண்டதும் தேறின. சில தேறவே இல்லை. சில முகத்தைத் திருப்பிக்கொண்டன. இதே சாயல் பெரியவர்களின் உறவிலும் தெரிவதாக 1987-இல் ஹசன், ஷேவர் என்ற இரு ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

அப்படியானால் அம்மாதான் குற்றவாளியா? இல்லவே இல்லை. பெரட்டுக்குத் தவறினால் அன்றைய கூலி போய்விடும். பிள்ளைக்குச் சோறு போடத்தான் அந்தத் தாய் பிள்ளையை விட்டுப் போனார். மேலும், குழந்தை ஒருவரிடம் மட்டுமே ஒட்டுவதில்லை என்பதை 1964-இல் கிளாஸ்கோ நகர ஆய்வு காட்டியது. கொட்டகை ஆயாவும் பாட்டியும் கொடுத்த அன்பும் கணக்கில் உண்டு. சிறுவயது அனுபவம் தலையெழுத்தும் அல்ல.

பிணைப்பை மையமாகக் கொண்ட சிகிச்சையில் மந்திரம் எதுவும் இல்லை. ஆலோசகர் குறித்த நாளில், குறித்த நேரத்தில், மாறாத நிதானத்துடன் கேட்கிறார். அந்த நம்பிக்கையில் பழைய பயத்துக்குப் பெயர் கிடைக்கிறது. "ஏன் லேட்டு?" என்று சீறிய வாய், "நீங்க வரலன்னா எனக்குப் பயமா இருக்குங்க" என்று சொல்லப் பழகுகிறது. கேட்பவர் மனமும் இளகுகிறது.

ஆனால் எச்சரிக்கை தேவை. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கொலராடோவில், பிணைப்புச் சிகிச்சை என்ற பெயரில் போர்வையில் சுற்றி அழுத்தப்பட்ட 10 வயதுச் சிறுமி உயிரிழந்தாள். கட்டிப்பிடித்து அடக்குவது சிகிச்சை ஆகாது. நம் நாட்டில் 1998-ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டம் இருக்கிறது. ஆலோசகர் பதிவு பெற்றவரா என்று தயங்காமல் கேளுங்கள். அரசாங்க கிளினிக்கில் மருத்துவரிடம் சொன்னாலும் வழிகாட்டுவார்கள். மனம் உடைந்த நேரத்தில் அழைக்க 15555 என்ற ஹீல் எண் உண்டு.

இன்னொன்று. கணவர் அடிக்கிறார் என்றால் அது உங்கள் சிறுவயதுக் குறை அல்ல, குற்றம். அதற்கு 15999, காசே தொலைபேசிச் சேவை.

தோட்டத்துத் தாய்மார்கள் அழ நேரமில்லாமல் உழைத்தார்கள். அவர்களின் மகள்களுக்காவது உட்கார்ந்து அழ ஓர் இடம் கிடைக்கட்டும்.