துணுக்குகளின் தகுதி
(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



பத்தாண்டு நிறைவு விழாவில் காப்பியங்களைப் பற்றிப் பேசுவதே பொருத்தம் என்று சிலர் கருதலாம். நான் எடுத்துக்கொண்டதோ அன்றாடச் சிறுசெய்திகள். விளையாட்டுப் பக்கம், தொலைக்காட்சித் திரை, நாளிதழின் மூலையில் கிடக்கும் விந்தைத் துணுக்கு ஆகியவை கவிதைக்கு உரிய பொருளாகுமா? அவை தேநீர்க் கடையோடு முடிந்துபோக வேண்டியவை என்னும் கருத்து நம் வட்டத்திலும் உண்டு. அதனை மறுக்கவே வந்துள்ளேன்.

முதற்சான்று புறநானூறு. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருத மற்போரைச் சாத்தந்தையார் 80 முதல் 82 வரையுள்ள பாடல்களில் பாடினார். அடுத்த மூன்று பாடல்கள் நக்கண்ணையாருடையவை. அவற்றுள் 85ஆம் பாடலைப் பாருங்கள். ஊரும் நாடும் கிள்ளிக்கு உரியவை அல்ல. ஆதலால் வெற்றி அவனுக்கே என்கின்றனர் ஒரு சாரார். இல்லை என்கின்றனர் மறு சாரார். அப்பெண்ணோ சிலம்பொலிக்க ஓடித் தன் வீட்டுப் பனையைச் சார்ந்து நின்று, அவன் வென்றதைத் தானே கண்டதாகச் சொல்கிறாள். இரு பிரிவாக நின்று வாதிடும் ரசிகர் கூட்டமும், நேரில் கண்டவரின் உறுதியும் அச்சிறு பாடலில் அடங்கிவிட்டன. விளையாட்டைப் பாடுவது இழிவென்று நம் முன்னோர் கருதவில்லை.

"அன்று தொலைக்காட்சி இல்லை, ஆகவே பாடினர். இன்று படமே எல்லாவற்றையும் காட்டுகிறதே" என்று நண்பர்கள் கேட்கக்கூடும். 1983ஆம் ஆண்டு சூன் 18ஆம் நாள் இங்கிலாந்தின் டன்பிரிட்ஜ் வெல்ஸ் நகரில் நடந்ததை நினைவூட்ட விரும்புகிறேன். உலகக் கோப்பைப் போட்டியில் சிம்பாப்வே அணிக்கு எதிராக இந்தியா 17 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டுகளை இழந்தது. அந்நிலையிலிருந்து அணியை மீட்ட கபில்தேவ் ஆட்டமிழக்காமல் 175 ஓட்டங்கள் எடுத்தார். ஒன்பதாவது விக்கெட்டுக்கு அவரும் கிர்மானியும் பிரியாமல் 126 ஓட்டங்கள் சேர்த்தனர். இந்தியா 31 ஓட்டங்களில் வென்றது. அந்த ஆட்டத்திற்குத் தொலைக்காட்சிப் பதிவே இல்லை. ஏழு நாள் கழித்து லார்ட்சில் கோப்பையை வென்ற காட்சியை எத்தனை முறையும் திரையில் காணலாம். அதற்கு வழிவகுத்த 175ஐச் சில நிழற்படங்களும் கண்டவர் சொற்களுமே காத்து நிற்கின்றன. பனையடியில் நின்றவளின் பணி முடிந்துவிடவில்லை.

படத்தைப் போலவே எண்ணுக்கும் எல்லை உண்டு. 1976இல் மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் பதினான்கு அகவைச் சிறுமி நாடியா கொமனெச்சி முழுமதிப்பெண்ணான பத்தைப் பெற்றாள். மதிப்பெண் பலகையோ 1.00 என்று காட்டியது. பத்தைக் காட்ட அதில் இடமில்லை! 2010இல் விம்பிள்டனில் ஐஸ்னரும் மகூவும் மூன்று நாட்களில் 11 மணி 5 நிமிடங்கள் டென்னிஸ் ஆடினர். இறுதிச் செட் 70–68 என முடிந்தது. மின்பலகையோ 47–47இலேயே நின்றுவிட்டது. அதற்குமேல் எண்ண அதற்குக் கற்பித்திருக்கவில்லை. மனித முயற்சி கருவியின் கணக்கைக் கடந்துவிட்ட அத்தகைய இடங்களில் சொல்ல வேண்டியவர் யார்? பாவலர் அல்லரோ?

என் மாணவியர் முந்தைய நாள் ஆட்டத்தை உயிர்ப்போடு விவரிப்பர். கவிதை எழுதுக என்றால் உடனே நிலவையும் தென்றலையும் தேடிப் புறப்படுவர். கண்ட ஒன்றை எழுதுவதற்கு அவர்களுக்குக் கூச்சம். கவிதைக்கெனச் சில பொருள்களே உரியவை என்று பாடநூல்களும் கவியரங்குகளும் சொல்லாமல் சொல்லிவரும்போது அக்கூச்சம் வளராமல் என்ன செய்யும்? உயிருள்ள சொற்கள் வகுப்பறை வாயிலிலேயே நின்றுவிடுகின்றன. நம் இழப்பு அதுவே.

செய்தி யாவும் கவிதையாகும் என்று நான் கூறவில்லை. 1930ஆம் ஆண்டு ஏப்பிரல் 18ஆம் நாள் மாலைச் செய்தி நேரத்தில், செய்தி ஏதுமில்லை என்று பிபிசி வானொலி அறிவித்தது. எஞ்சிய நேரத்தில் பியானோ இசை ஒலித்தது. இருபத்துநான்கு மணி நேரமும் செய்தி வழங்கும் இக்காலத்தில் இந்த நேர்மை நமக்கு வியப்பளிக்கிறது. சொல்ல ஒன்றுமில்லாத நாளில் பாவலரும் வாய்மூடி இருத்தல் நன்று.

நிறைவாக ஒரு வேண்டுகோள். வரும் ஆண்டில் ஒவ்வொரு திங்கட் கூட்டத்திலும் முதற் பத்து நிமிடங்களைத் துணுக்குகளுக்கு ஒதுக்குவோம். உறுப்பினர் ஒருவர் அத்திங்களில் தாம் கண்டதோ படித்ததோ ஆகிய ஒரு சிறுசெய்தியை, நாளும் எண்ணும் பிழையாமல், ஐந்தே வரிகளில் எழுதி வந்து படிக்கட்டும். அணி வேண்டா, உவமை வேண்டா. அது கவிதைக்குரியதா என்பதை அவையோர் ஆராயட்டும். முதல் திங்களில் என் மாணவியர் இருவரை அழைத்து வருகிறேன். அவர்கள் ஆட்டத்தைப் பற்றியே பேசுவார்கள். அன்புகூர்ந்து செவிமடுங்கள்.